காந்தத்தை இறக்கினால் தெரியும்

எட்டுச் செலவு என்ற சாவுப் படையலுக்குக் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள் துஷாந்தி. கரம்பொன் வீட்டுக் குசினி முழுக்கப் பெண்கள். அப்பா மோசம்போய் எட்டாம் நாள். அவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

கைபேசி அதிர்ந்தது. கனடா ஆய்வுகூடத்திலிருந்து கீர்த்திகன். அவளோடு வேலை செய்யும், பக்கத்து ஊரான சரவணைப் பொடியன்.

“அக்கா, இஞ்சை ஒரு சிக்னல் எழும்பி நிக்குது. திருப்பித் திருப்பிப் பாத்திட்டம். அசையுதில்லை.”

உலகம் தேடும் கரும்பொருள் அக்சியன் என்ற துகளாக இருந்தால், பலத்த காந்தத்துக்குள் மயிரிழை மின்னோட்டம் ஒன்றைக் கிளப்பும் என்பது கணக்கு. அதைக் கேட்கத்தான் உறைகுளிரில் மீகடத்திச் சுற்றொன்றை வைத்து அந்தக் குழு தவம் கிடந்தது.

“நீங்கள் போட்ட பொய்யோ? கேக்கக் கூடாதுதான். பேராசிரியர் ஊருலகத்துக்கு அறிவிக்க நிக்கிறார்.”

குழுவைச் சோதிக்க இரகசியமாகப் பொய்ச் சிக்னல் கலக்கும் பொறுப்பு அவளுடையது. அன்று எல்லாம் ஆயத்தம். பொத்தானை அமத்துவதுதான் பாக்கி. அப்போதுதான் அப்பாவின் செய்தியோடு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த ஞாபகம் விமானத்தில். நடுவில் ஒன்றுமில்லை. யாரும் மோப்பம் பிடிக்கக் கூடாதென்று தடயமே விடாத ஏற்பாடு. அதைச் செய்ததும் அவளேதான்.

“எனக்குத் தெரியாது.”

“பகிடி விடாதேங்கோ.”

“அமத்தினனானோ இல்லையோ, ஞாபகமில்லை. காந்தத்தை இறக்கி விசையில்லாமப் பண்ணச் சொல்லும். அக்சியனெண்டால் சிக்னல் போயிடும். நான் போட்டதெண்டால் வயரால வந்தது, நிக்கும்.”

“ஒரு மாத வேலை நாசமாப் போகும் அக்கா. பேராசிரியரிட்ட என்னத்தைச் சொல்ல?”

“துஷாந்திக்கு மூளை பிசகிப்போச்செண்டு சொல்லும்.”

“ஆரடி அது?” சின்னம்மா அதட்டினாள்.

“வேலையிடம்.”

“செத்த வீட்டிலையும் விடமாட்டினமோ?”

பொழுதுபட, படையலை வைத்து, அப்பா வந்து உண்ணட்டுமென்று அறைக்கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் முற்றத்தில் காத்து நின்றபோது கைபேசி மறுபடி அதிர்ந்தது. துஷாந்தி வேலிப்பக்கம் ஒதுங்கினாள்.

“காந்தம் இறங்கிட்டுது.” கீர்த்திகனின் குரல் வற்றியிருந்தது. “சிக்னல் அப்பிடியே நிக்குது.”

அப்படியென்றால் அமத்தித்தான் இருக்கிறாள். அப்பா இல்லை என்ற செய்தியைக் கேட்டு, கைபேசியை வைத்துவிட்டு, மிச்ச வேலையை ஒழுங்காக முடித்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்பியிருக்கிறாள்.

“அக்கா, நிக்கிறியளோ?”

“ஓம்.”

“பேராசிரியருக்குக் கோபமில்லை. மானம் தப்பிச்சுதாம்.”

“சரி. வையும்.”

கதவைத் திறந்தார்கள். சின்னம்மா வாழையிலையைக் காட்டினாள். துஷாந்தி போய் இருந்து சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னாள்.