மாதாகோயில் தெருவில் கதவுகள் திறந்துகொண்ட வருடங்கள்

திருத்துறைப்பூண்டி மாதாகோயில் தெருவில், பத்திர எழுத்தர் ரெமிஜியஸ் தன் பழைய கம்ப்யூட்டரில் ‘ஓபன் டோர்’ என்று தட்டினால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கதவைத் தவிர தெருவில் உள்ள எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும். முதல் தடவை அது நடந்தது எண்பத்தொன்பதாம் வருடம் மார்கழியில், விளக்கு வைக்கிற நேரம். தாழ்ப்பாள் போட்டது, பூட்டுத் தொங்கியது, பீரோ, கோழிக்கூண்டு என்று எதுவும் மிஞ்சவில்லை. தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றுதான் என்று சொல்லிச் சாத்திக்கொண்டு போனார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவர் ரெமிஜியஸின் அண்ணன் அடைக்கலராஜ். ரப்பர் பொத்தான்கள் வைத்த சின்னக் கறுப்புப் பெட்டி. அதை டி.வி.யில் செருகி, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால், கொஞ்ச நேரம் கிரீச்சென்று கத்திவிட்டு ஒரு விளையாட்டைக் கொண்டுவரும். படம் கிடையாது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நீ ஒரு விண்வெளி வீரன், பெயர் தெரியாத கிரகத்தில் விழுந்து கிடக்கிறாய், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். பதிலை இரண்டே வார்த்தையில் தட்ட வேண்டும். வடக்கே போ, விளக்கை எடு, இந்த மாதிரி. அதற்குத் தெரிந்த வார்த்தையாக இருந்தால் காரியம் நடக்கும். இல்லாவிட்டால், ‘நீ சொல்வது எனக்குப் புரியவில்லை’ என்று ஒரே பதில். ரெமிஜியஸ் கண்ணாடிக் காட்டைக் கடந்தார், மூன்று கண் மிருகத்துக்கு உப்பு கொடுத்துச் சமாதானம் செய்தார், சிவப்பு மணலில் பாதி புதைந்த விண்கலத்தின் இரும்புக் கதவு வரைக்கும் வந்துவிட்டார். உள்ளே நுழைந்துவிட்டால் பூமிக்குத் திரும்பிவிடலாம். கதவு திறக்கவில்லை. அவருக்குக் கல்யாணமாகி, தலை நரைத்து, மகன் எல்வின் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகும் அது திறக்கவில்லை. எல்வின் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான். உலகத்தில் அந்த விளையாட்டை ஆடியவர்கள் எல்லோருமே அதே கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

பகலெல்லாம் ரெமிஜியஸ் எழுதும் வார்த்தைகளுக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் மதிப்பு இருந்தது. நான்கு எல்லை, பாத்தியதை, சுவாதீனம் என்று அவர் எழுதிவிட்டால் நிலம் கைமாறிவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு அதே கை தட்டும் இரண்டு வார்த்தையை ஒரு கேசட் மதிக்கவில்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. தள்ளு, இழு, திருப்பு, நெம்பு எல்லாம் தட்டிப் பார்த்தார். உடை, எரி என்ற இரண்டை மட்டும் எத்தனை கோபத்திலும் தட்டவில்லை. தெருவில் கூரை வீடுகள் இருந்தன. தெருக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். ஏழு மணிக்கு முன்பே குளித்து முடித்தார்கள், ஆட்டைக் கயிற்றில் கட்டினார்கள். சாவியைத் தொலைத்துவிட்டால் மூலைவீட்டு ஜன்னத் பீவி, “தம்பி, எனக்காக ஒருக்கா சீக்கிரமா தட்டிவிடுங்களேன்” என்று வந்து நிற்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் கார்த்திகையில் விடாமல் மழை கொட்டியது. கடல் பக்கம் போகும் வடிகாலில் இருந்த ஷட்டர் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டதால், வயலில் நின்ற தண்ணீர் போக வழியில்லாமல் சம்பாப் பயிரை மூழ்கடித்தது. பொதுப்பணித்துறை ஆபீசுக்குச் சொல்லி ஆள் வந்து, ஆளுக்கு மேல் ஆள் வந்து, கம்பி வளைந்ததுதான் மிச்சம். ஒருநாள் மத்தியானம் இளையபெருமாள் சேற்றுக்காலோடு ரெமிஜியஸ் வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்ட நிலத்தையே அவர் விலைக்கு வாங்கியிருந்தார். பத்திரம் எழுதியவர் ரெமிஜியஸ்.

“சார், தெருவுல உள்ள கதவையெல்லாம் தெறக்கிறீங்க. எங்க ஷட்டரத் தெறக்க மாட்டீங்களா?”

“அது நான் செய்யறதில்லைங்க. அதுவா நடக்குது.”

“எதுவா நடந்தா என்ன சார். பயிரு தண்ணிக்குள்ள கெடக்கு. இன்னிக்கு வடியலன்னா நாளைக்கு அழுகல் நாத்தம்தான்.”

ரெமிஜியஸ் கேசட்டைப் போட்டார். ‘ஓபன் ஷட்டர்’ என்று தட்டியதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடியிருந்த கடைத்தெரு ஷட்டர்கள் அத்தனையும் சடசடவென்று மேலேறின. வடிகால் ஷட்டர் அசையவில்லை. ‘ஓபன் கேட்’ என்று தட்டினார். ரயில்வே கேட் எழுந்து, காத்துக்கிடந்த லாரிகள் கடந்து போயின. நல்லவேளையாக ரயில் அப்போதுதான் போயிருந்தது. டி.வி.யில் ‘நீ சொல்வது எனக்குப் புரியவில்லை’ என்று வந்துகொண்டே இருந்தது. ரெமிஜியஸின் காது சிவந்துவிட்டது. இளையபெருமாளின் போன் அடித்தது. வரப்பில் நின்ற அவர் மனைவி அம்சம்தான்.

“இல்ல அம்சம், இன்னும் ஷட்டரத் தூக்கல. நீ போயி ஒரு வாய் சாப்புடு.”

ரெமிஜியஸ் சட்டென்று திரும்பினார். இத்தனை வருடங்களில் அவர் எதையும் தூக்கியதில்லை. ‘லிஃப்ட் ஷட்டர்’ என்று தட்டினார். புரியவில்லை என்றுதான் டி.வி. சொன்னது. ஆனால் போனில் அம்சம் கத்தினார்: “ஏங்க, அது மேல வருது! தண்ணி ஓடுதுங்க, சத்தம் கேக்குதா?” சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இளையபெருமாள் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து கும்பிட்டார். ரெமிஜியஸ் அதைப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘லிஃப்ட் டோர்’ என்று தட்டிக்கொண்டிருந்தார்.

தெருவில் ஒரு கதவு பாக்கியில்லாமல் கீலிலிருந்து எழும்பி, ஒரு கணம் நின்று, தரையில் விழுந்தது. ஜன்னத் பீவியின் கதவு தையல் மிஷின் மேல் விழுந்தது. இரும்புக் கதவு மட்டும் மூடியே இருந்தது. ரெமிஜியஸ் மேஜையை ஓங்கி அறைந்தார்.

தச்சர்கள் வந்து கதவுகளை மாட்டி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. ரெமிஜியஸின் மனைவி சான்ட்ரா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த டி.வி.க்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உள்ள யாரு இருக்கா?”

“யாருமில்ல. பழைய கப்பல்.”

“யாருமில்லன்னு யாரு சொன்னா? ஒரு தடவையாவது தட்டிப் பாத்தீங்களா?”

“முப்பது வருஷத்துக்கு மேல தட்டிக்கிட்டுத்தானடி இருக்கேன்!”

“கம்ப்யூட்டரத் தட்டுனீங்க. கதவத் தட்டுனீங்களா?”

சான்ட்ரா எழுத்து எழுத்தாகக் கேட்டு, ஒற்றை விரலால் ‘நாக் டோர்’ என்று தட்டினாள். தெரு முழுக்க எல்லாக் கதவிலும் ஒரே நேரத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. ஜனங்கள் எழுந்து வந்து திறந்து, யாரும் இல்லாத வாசலைப் பார்த்தார்கள். டி.வி.யில் புதிதாக ஒரு வரி வந்தது.

‘யார் அங்கே?’

ரெமிஜியஸ் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெயரைத் தட்டினார். ‘அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது’ என்று வந்தது. விண்வெளி வீரன் என்று சொன்னார். நண்பன், மனிதன், பத்திர எழுத்தர், திருத்துறைப்பூண்டிக்காரன் என்றெல்லாம் சொன்னார். யாரையும் அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘நாக் டோர்’ என்று முதலிலிருந்து தட்ட வேண்டியிருந்தது. “நான் யாருன்னா என்னடா சொல்றது?” என்று அவர் டி.வி.யைப் பார்த்துக் கத்தியபோது, சான்ட்ரா எழுந்து தோசை ஊற்றப் போய்விட்டாள்.

இப்போது அந்தத் தெருவில் கதவுகள் தானாகத் திறப்பதில்லை. போன தையில் நாகநாதன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், வாசற்கதவும் கொல்லைக்கதவும் சேர்ந்து தட்டப்பட்டதும் பதறி எழுந்தார்கள். “உக்காருங்க, உக்காருங்க. ரெமிஜியஸ் சார் தட்டுறாரு” என்றார் நாகநாதன். “எதுக்குங்க?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். “உள்ள போறதுக்குத்தான்” என்றார் நாகநாதன். அவர்கள் சரியென்று உட்கார்ந்தார்கள். காபி வந்தது.