தேடுபெட்டிக்கும் ஒளித்த பயணம்

பருத்தித்துறையில் யாராவது வெளிநாடு போவதென்றால், விமானம் கிளம்பிய பிறகுதான் ஊருக்குச் செய்தி விடுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் நாவூறு பட்டு விசா முறிந்துவிடும். முனைப் பக்கத்தில் ஒரு குடும்பம் வளர்த்த பூனைக்குக்கூடச் சொல்லாமல் பிரான்சுக்குப் போய்விட்டது. அந்தப் பூனை இன்றைக்கும் அவர்கள் சந்தைக்குப் போயிருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் வாசலில் இருக்கிறது.

படகு இயந்திரம் திருத்தும் நாகலிங்கத்தாருக்கு இந்த விடயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. முந்தி ஒருதரம் கனடாவுக்கு விண்ணப்பம் போட்டபோது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் லெனாட்டுக்கு மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். விசா கிடைக்கவில்லை. கனடாக்காரர் எழுதிய காரணம் வேறு. ஆனால் லெனாட்டின் நாக்குத்தான் அந்தக் கடதாசியில் முத்திரை குத்தியது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இந்த முறை விளையாட்டில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் மகள் பிரசாந்திக்கு, நாற்பதைத் தொடும் வயதில் ஒருவழியாகக் கலியாணம் சரிவந்திருந்தது. தகப்பன் போய்த் தாரை வார்க்க வேண்டும். தகப்பன் போகாவிட்டால் அந்த இடத்தில் மனைவியின் தம்பி நடராசா நிற்பார். நடராசா அங்கேயே இருப்பவர். "அத்தான் கரையிலை நிண்டு கடல் அளக்கிற மனுசன்" என்று சபையில் சொன்ன நாளிலிருந்து நாகலிங்கத்தார் அவரோடு கதைப்பதில்லை. தன் மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பது நடராசாவாக இருக்கக்கூடாது. அவருக்குக் கனடா என்பதே அவ்வளவுதான்.

கடவுச்சொற்களைக் காத்துவைக்கும் செயலி ஒன்றை அவருடைய தொலைபேசியில் போட்டுக் கொடுத்தவளும் பிரசாந்திதான். "அப்பா, நீங்கள் ஒரு சொல்லை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ. மிச்சத்தை உது பாத்துக்கொள்ளும்" என்றாள். அந்த ஒரு சொல்லை அவர் மறக்கவில்லை. மறந்தது வேறு.

செயலியைத் திறந்தால் கணக்குகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். 'கனடா விசா' என்று ஒன்று கிடந்தால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவன் கண் சும்மா இருக்குமா? ஆகவே எல்லாப் பெயர்களையும் மாற்றினார். வங்கி 'ஆட்டுக்கொட்டில்' ஆனது. மின்சாரம் 'பெரியம்மா' ஆனது. கனடாவுக்கு, சாதகம் பார்க்கிற எந்தச் சாத்திரியும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பெயர் வைத்தார். வைத்த அன்று தன்னுடைய கெட்டித்தனத்தை நினைத்துத் தனியே சிரித்தார். போதாக்குறைக்கு, அவர் எழுத்துப் பிழைவிட்ட ஒவ்வொரு தரமும் செயலி "இதையும் சேமிக்கவா?" என்று கேட்டது. மரியாதையாகக் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆடி மாதத்துக்குள் அந்த வரிசை பருத்தித்துறையின் வாக்காளர் இடாப்பை விட நீண்டுவிட்டது.

ஒரு நாள் காலை தொலைபேசிக்குச் செய்தி வந்தது. விசாக் கணக்கில் கடிதம் இருக்கிறது, இன்று மாலைக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். இதற்கு முன் வந்த இரண்டு செய்திகளையும் அவர் பரிசு விழுந்ததென்று ஏய்க்கும் லொத்தர்க் கள்ளர் என்று அழித்திருந்தார்.

தேடுபெட்டியில் 'கனடா' என்று அடித்தார். 'ஒன்றும் இல்லை' என்றது. 'விசா', ஒன்றும் இல்லை. 'பிரசாந்தி', ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி பெயரை மட்டும் பார்க்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதுவும் அவர் அடித்து முடிக்கும் வரை பொறுக்காது. முதல் எழுத்துக்கே பாய்ந்து போய் எதையோ எடுத்து நீட்டும், அந்தப் பாய்ச்சலில் இரண்டாம் எழுத்தை விழுங்கிவிடும்.

சரி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம் என்று இறங்கினார். திறக்க விரல் அடையாளம் கேட்டது. ஐம்பது வருடம் இயந்திரம் கழற்றிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது? பெருவிரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். ஒன்றைத் திறந்து, இது இல்லை என்று திரும்பி வந்தால், பெட்டியில் அடித்திருந்ததும் அழிந்து, வரிசையும் உச்சிக்கு ஏறியிருக்கும். கிணற்றில் பாதி இழுத்த வாளியின் கயிற்றை யாரோ ஒவ்வொரு தரமும் வெட்டி விடுவது போல. கடவுச்சொல்லை மறந்ததாகச் சொல்லிப் புதிது கேட்கலாமென்றால், அது மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சலின் சாவியும் இதே வரிசையில் வேறொரு கள்ளப் பெயரில் கிடந்தது.

மத்தியானம் சாப்பாடு ஆறியது. மனைவி அற்புதராணி வந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, என்னத்தைத் தேடுறியள்?"

"தண்ணி பில்."

"எங்கடை வீட்டிலை கிணறெல்லோ."

அவர் பெருவிரலைத் துடைத்து மறுபடியும் வைத்தார். அவள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி சொன்னாள். "கனடாக் கடிதமெண்டால், என்ரைக்குப் போன கிழமையே பதில் குடுத்தாச்சு."

"ஆர் குடுத்தது?"

"லெனாட்."

கணவன் மனைவி இருவரும் ஒரே நாவூறில் அகப்படக்கூடாது என்று, விண்ணப்பங்களைத் தனித்தனியாகப் போடச் சொன்னவர் நாகலிங்கத்தார்தான். அவள் நேரே லெனாட்டின் கடைக்குப் போய், கொப்பி எடுக்க வந்த நாலு பேர் கேட்கக் கேட்க, தன்னுடையதைப் போட்டிருந்தாள்.

"அவனிட்டைச் சொன்னீரோ? உமக்கு விசரோ?"

"அவன் பாஸ்வேட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறான். ஊரிலை எல்லாருக்கும் ஒண்டைத்தானாம் போடுறவன். கூப்பிடட்டே?"

அவர் வேண்டாம் என்பதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள். லெனாட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அண்ணை, தேடுறதை விடுங்கோ. உதைத் திகதி வாரியா அடுக்கலாம். எந்த மாசம் போட்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ, ஒரு நிமிசத்திலை எடுத்துத் தாறன்."

நாகலிங்கத்தார் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்னத்தை எடுக்கப்போறாய்? நான் ஒரு இடமும் போகேல்லை."

"அண்ணை, ஊருக்கே தெரியும். பிரசாந்தியின்ரை கலியாணம் நல்லபடி நடக்கவேணுமெண்டுதான் எல்லாரும்—"

"எனக்குக் குளிர் ஒத்துவராதடா. போ."

அற்புதராணி அவருடைய முகத்தைப் பார்த்தாள். லெனாட் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டியை உதைத்துக்கொண்டு போனான். அவன் தெரு மூலை திரும்பும் வரை காத்திருந்து, அவர் மறுபடியும் பெட்டியில் அடிக்கத் தொடங்கினார். கோயில் மணி அடித்தது. சாயங்காலமாயிற்று.

மறுநாள் காலை பெருவிரல் தவறுதலாகப் பட்டு, பெட்டியில் ஒரே ஒரு எழுத்து விழுந்தது. 'கோழித்தீன்' என்று முதலாவதாக வந்து நின்றது. திறந்தார். கணக்கு திறந்தது. விண்ணப்பம் மூடப்பட்டிருந்தது.

அற்புதராணிக்கு விசா வந்தது. அவள் போகும் நாளில் தெருவே திரண்டு வந்து வான் வண்டியில் ஏற்றிவிட்டது. ஒருத்தருடைய கண்ணும் அவளுக்குப் படவில்லை.

கலியாணத்துக்கு முதல் கிழமை பிரசாந்தி அழைத்தாள்.

"அப்பா, தாரை வார்க்க ஆரை நிப்பாட்ட?"

"உன்ரை மாமனை நிப்பாட்டு."

"நீங்கள் கேக்கவேணுமாம். நீங்கள் வாயாலை கேட்டால்தான் நிப்பாராம். எனக்காக ஒருக்கால் கதையுங்கோ அப்பா."

அவர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தார். நெடுநேரம் மணி போனது. பிறகு எடுத்தார்கள்.

"மச்சான், நான் நாகலிங்கம் கதைக்கிறன்."

"எந்த நாகலிங்கம்?" என்றார் நடராசா.

"பிரசாந்தியின்ரை அப்பா."