ஆனி கடைசியில் ஒரு முடியாது

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. டைப் அடிக்கும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "உன் காலுக்குக் கீழ எவன்டி நெருப்பு வெச்சான்?" என்று அம்மா கேட்பாள். வைத்தவர் பெயர் ரங்கசாமி. எங்கள் முதலாளி.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் அவருக்கு ஓர் இரும்புக் கம்பி ஆலை. அதில் நான் நான்கு வருஷமாக டைப்பிஸ்ட், நான்கு வருஷமும் டெம்பரவரி. பதினோரு மாதம் ஆனதும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிச் செய்தால் யாரும் பர்மனென்ட் கேட்க முடியாதாம். "செண்பகம், உன் சேவை இன்றோடு முடிகிறது" என்கிற கடிதத்தையும் நானே அடித்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எரிச்சல் வருமா வராதா?

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் ஆலைக்குப் புது உலை வந்தது. இரும்புக் கட்டைகளைச் சிவக்கக் காய்ச்சுகிற உலை. பாகங்கள் ஸ்பெயினிலிருந்து வந்தன, கூடவே இனாசியோ என்று ஓர் இன்ஜினியரும் வந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. மெட்ராஸிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் இரண்டே நாளில் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"செம்பகம், நீ சூட்டிகையான பொண்ணு. அந்த பாஷைய மூணு மாசத்துல கத்துக்க முடியுமா? உலை எரியற அன்னிக்கு உனக்கு பர்மனென்ட்டு. ஆர்டர இப்பவே அடிச்சி வை."

அடித்தேன். ஒரு தப்பு இல்லாமல் அடித்தேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்ட அந்தத் தாள் அவர் மேஜை டிராயரில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாளே மூர் மார்க்கெட்டுக்குப் போய், அட்டை கிழிந்த ஒரு ஸ்பானியப் பாடப் புத்தகத்தை வாங்கி வந்தேன்.

பொன்னேரியிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் போகும்போதுதான் படிப்பு. எல்லாம் ஒரு மாதிரி ஏறியது. 'முடியும்' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல்தான் பேஜார் பண்ணியது. பெயர் பொதேர். ஆனால் என்னால் முடியும் என்றால் புவேதோ, உன்னால் என்றால் புவேதெஸ், அவரால் என்றால் புவேதெ. சரி, 'பொ' போய் 'புவே' வந்துவிட்டது, அப்படியே இருக்கக் கூடாதா? எங்களால் முடியும் என்கிற இடத்தில் பழையபடி பொதேமொஸ். அவர்களால் என்றால் மறுபடி புவேதென். ஏன்தான் இந்தக் கூத்து என்று புத்தகத்தை ஜன்னல் வழியாக வீசிவிடலாம்போல இருக்கும். நம் 'முடியும்' எவ்வளவு தங்கமான சொல்! என்னால் முடியும், உன்னால் முடியும், ஊராரால் முடியும். யார் வந்தாலும் அது பாட்டுக்கு முடியும்.

எதிர் சீட்டில் கங்கம்மாள் அக்கா. பழவேற்காட்டு மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு என் உதட்டையே பார்ப்பாள்.

"இன்னா பொண்ணே, காலங்காத்தால யாருக்குச் சூனியம் வெக்கிற?"

"சூனியம் இல்லக்கா. வெள்ளக்காரன் பாஷை."

"அதத்தான் டெய்லி டைப் அடிக்கிறியே."

"இது வேற வெள்ளக்காரன்."

"அய்ய! அதுல எத்தினி தினுசுடி!" என்று அவள் சிரித்தால் கூடையே குலுங்கும்.

அவள் புருஷன் துலுக்காணம் எங்கள் ஆலையில்தான் உலை ஆள். உலை வாய்க்கு முன்னால் நிற்பது அவர் வேலை. கூடப்பிறந்தவரைக் கடல் கொண்டுபோன பிறகு அவர் வலையைத் தொடவில்லையாம். "தண்ணில சாவறதுக்கு நெருப்புல நின்னு சம்பாரிக்கிறேன்னு வந்துட்டாரு" என்பாள் கங்கம்மாள். நல்ல மனுஷர். ஒரே ஒரு கோளாறு. முதலாளி எதைக் கேட்டாலும் "ஆவும் மொதலாளி" என்பார். காய்ச்சலோடு இரண்டு ஷிப்ட் நிற்க முடியுமா? ஆவும். அவர் மட்டுமா, எங்கள் ஆலையில் எவன் வாயிலும் முடியாது என்று வராது. முதலாளி முகத்துக்கு நேரே அதைச் சொல்வது மரியாதை இல்லையாம். ஆவும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

இனாசியோவுக்கு இது புரியவே இல்லை. அவர் ஊரில் கேள்வி என்றால் கேள்வி, பதில் என்றால் பதில். ஒருநாள் ஓர் இரும்புக் கதவைக் காட்டி, "புவேதெ?" என்று துலுக்காணத்தைக் கேட்டார். தனியாகத் தூக்க முடியுமா என்று அர்த்தம். ஆவும் என்றார் இவர். தூக்கினார், காலில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இனாசியோ ஆட்களைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் "சீ" என்றால்தான், அதாவது ஆமாம் என்றால்தான், நம்புவார்.

உலை கட்டி முடிந்ததும் அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். புதுச் சுவருக்குள் ஈரம் இருக்கும். ஏழு நாள் விறகுத் தீயில் மெல்ல மெல்லக் காய வேண்டும். காயாத சுவரில் எண்ணெய்த் தீயைத் திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்துச் சுவரை வெடித்துக்கொண்டு வெளியே வரும். படத்தில் உலை வாய்க்கு முன்னால் ஒரு மனிதனை வரைந்து, அவன் மேல் பெருக்கல் குறி போட்டார். அதற்குமேல் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சொன்னபடி காய வைத்தார்கள். ஆறாம் நாள் இனாசியோ வயிறு கெட்டுப்போய் மெட்ராஸ் ஓட்டலில் படுத்துவிட்டார். அந்த வாரமே பேய் மழை. கூரை ஷீட் உடைந்து தண்ணீர் கொட்டி, உலையின் பின்சுவர் சரிந்தது. முதலாளி கொத்தனாரைக் கூட்டி வந்து இரண்டே நாளில் அதைத் திரும்ப எழுப்பினார். விறகுத் தீ போட நாள் எங்கே இருக்கிறது? ஆனி முடிய இரண்டு நாள்தான் பாக்கி.

ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. முதலாளியின் முதல் ஆலையை ஆடி மாதம் திறந்து, அடுத்த ஆடிக்குள் இழுத்து மூட வேண்டியதாயிற்று. அந்தப் பயம் அவரை விடவே இல்லை. "கற்பூரம் கொளுத்தி பூஜைய மட்டும் ஆனியில போட்டுடலாமே சார்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். "கம்பி வந்தாத்தான் ஆரம்பிச்ச மாதிரி. இது இன்னா சொப்பு வெச்சி வெளையாடறதா?" என்று எரிந்து விழுந்தார்.

ஆனி கடைசி நாள். உலைக்கு மாலை போட்டிருந்தது. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், ஊதுபத்தி எல்லாம் தயார். இனாசியோ இளைத்துப்போய் வந்து சேர்ந்தார். பின்சுவர் விஷயம் அவருக்குத் தெரியாது. வெளியே வெள்ளைப் பூச்சு பூசி மறைத்திருந்தார்கள். துலுக்காணம் எண்ணெயில் நனைத்த பந்தத்தோடு உலை வாயில் நின்றார். எனக்கு இரண்டு காலும் ஆடியது. பாத்ரூம் போய்வந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி பாத்ரூம் போய்வந்தேன்.

இனாசியோ உலையைச் சுற்றி வந்துவிட்டு துலுக்காணத்திடம் கேட்டார். "புவேதெ?"

"கொளுத்த முடியுமான்னு கேக்குறாரு அண்ணே."

துலுக்காணம் முதலாளியைப் பார்த்தார். பின்சுவரை எழுப்பக் கல் சுமந்தவரே அவர்தான். ஈரம் அவர் கைக்குத் தெரியாதா? "ஆவும்," என்றார்.

இனாசியோ என் பக்கம் திரும்பினார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏழு நாள் முழுசா காஞ்சிருக்கு, எரிக்கலாம்னு சொல்லு செம்பகம். டிராயர்ல உன் தாள் இருக்கு, நாபகம் வெச்சிக்கோ," என்றார்.

சொன்னேன். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஏழு நாள் காய்ந்தது, முடியும் என்று அழகாக, பிசகில்லாமல் சொன்னேன். இனாசியோ தலையாட்டினார். துலுக்காணம் பந்தத்தைப் பற்ற வைத்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு குனிந்தார். எனக்குக் கங்கம்மாள் சிரிப்பதுதான் கண்ணில் வந்தது. நாளைக்குக் காலை அதே சீட்டில், அந்த முகத்துக்கு எதிரே நான் எப்படி உட்காருவேன்?

"நோ!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். "நோ பொதேமொஸ்! நோ பொதேமொஸ்!" எங்களால் முடியாது, எங்களால் முடியாது. ஓடிப்போய்ப் பின்சுவரை அறைந்து, இரண்டு விரலைக் காட்டினேன். "இரண்டு நாள்! மழை! புதுச் சுவர்!"

இனாசியோ ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைப் பூச்சைத் தட்டி உடைத்து, நெம்பி ஒரு கல்லை உருவினார். கல்லோடு சேறு வழிந்தது. அவர் என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துலுக்காணத்தின் கையிலிருந்த பந்தத்தை வாங்கி மணலில் குத்தி அணைத்துவிட்டு, கார் ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பார்வையில் பாதி எனக்கு. பொய் சொன்ன பாதிக்கு.

நானும் தப்பவில்லை, உலை ஆட்களும் தப்பவில்லை. முதலாளி அங்கேயே எல்லோருக்கும் முன்னால் அறிவித்தார். இனி ஆவணி ஒன்றாம் தேதிதான் உலை எரியும். அதுவரை உலைப் பக்கத்து ஆட்கள் யாரும் வர வேண்டாம், ஒரு மாதச் சம்பளம் கிடையாது. என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, டிராயரிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"ஒரு கடுதாசி அடி. உன் சேவை இன்னியோட முடியுதுன்னு. எப்பவும் அடிக்கிறதுதானே?"

அடித்தேன். இதிலும் ஒரு தப்பு இல்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார்பன் தாளைக்கூட ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு வந்தேன், எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் ஆட்கள் என்னை விட்டு விலகி முன்னால் நடந்தார்கள். "அந்தப் பொண்ணு வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னதுதான். உயிரைக் காப்பாற்றியவளுக்கு இதுதானா என்று அவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் ஒரு மாதம் சோறு இல்லாத வீட்டில் போய் நான் என்ன நியாயம் பேசுவது?

ரயில்வே கேட் மூடியிருந்தது. துலுக்காணம் மெல்லப் பின்தங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டைப்பிஸ்டம்மா. அப்போ கத்துனியே, அது இன்னா வார்த்தை?"

"நோ பொதேமொஸ். நம்ம யாராலயும் முடியாதுன்னு அர்த்தம் அண்ணே."

"எல்லாருக்கும் சொல்லிட்டியா? தாராளந்தான்." அவர் செருப்பால் மண்ணைக் கீறினார். "என்னால முடியாதுன்னா, என் ஒருத்தனால?"

"நோ புவேதோ."

"நோ... பொவேதோ."

"புவேதோ."

"நோ புவேதோ." இன்னொரு தபா சொன்னார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்து, கொஞ்சம் உரக்கச் சொன்னார். "கைல பந்தம் இருந்துச்சி. சுவரு ஈரம்னு எனக்குத் தெரியும். நம்ம பாஷைல அந்த வார்த்தை தொண்டைக்கு மேல வர மாட்டேன்னுதும்மா. இது பரவால்ல, சொல்றதுக்கு லேசா இருக்குது." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்போதுதான் அழுகை முட்டியது.

பின்னால் ஹாரன் அடித்தது. முதலாளியின் அம்பாசடர். கேட் மூடியிருந்ததால் எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, என்னைக் கண்டுகொள்ளாமல், அவர் துலுக்காணத்தைக் கூப்பிட்டார்.

"டேய் துலுக்காணம். சும்மாத்தானே இருக்கப் போற? நாளைக்கு ஊட்டாண்ட வந்துடு. காம்பவுண்டு சுவர் வேல கெடக்குது. கூட ரெண்டு பேர இட்டுனு வா. கூலி கீலின்னு கேக்கக் கூடாது, ஆவணியில எல்லாம் பாத்துக்கலாம். இன்னா?"

முன்னால் நின்ற ஆட்கள் திரும்பினார்கள். துலுக்காணம் வழக்கம்போலத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வழக்கம்போலக் குனிந்தார். வாயைத் திறந்தார். ஆவும் என்றுதான் வரப்போகிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நோ புவேதோ," என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "இன்னாடா?"

"நோ புவேதோ, மொதலாளி." துண்டு திரும்பத் தோளுக்குப் போனது.

முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு வழியில்லாமல் கடைசியில் என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றான் இவன்?"

அன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை பொய்யாக மொழிபெயர்த்த வாய். இந்த முறை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முடியாதுன்றாரு, சார்."