சிரிக்கிறாள் என்று ஒரு புகார்

ஆரணியில் அந்தப் பட்டுக்கடையின் முதல் மாடிக்கு மணவாளன்தான் பொறுப்பு. யார் வணக்கம் சொன்னாலும் புளித்த மோரைக் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். எது கேட்டாலும் முதல் பதில், "இன்னா இப்போ?"

களம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த அமலா, முதல் வாரம் பாத்ரூமில் போய் அழுதாள். உடன் வேலை பார்க்கும் புஷ்பலதாதான் தேற்றினாள்.

"வீட்ல இன்னா கஷ்டமோ அவருக்கு. மனசு தங்கம்டி. நீ சிரிச்சிகினே பேசு, சரியாப்பூடும்."

அமலா நம்பினாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் டீ வாங்கி வந்து வைத்தாள். "உன்னை யாரு கேட்டது?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் குடித்தார்.

பிறகு களம்பூரில் முதலாளி மகளின் கல்யாணம் வந்தது. மண்டப வாசலில் மணவாளன் நின்றிருந்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. முதலாளியின் மச்சான் சொன்ன உப்புச்சப்பில்லாத ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காரிலிருந்து இறங்கியவர்களின் பைகளை ஓடி ஓடி வாங்கினார். கடையில் ஒரு புடவையை எடுக்க இடுப்பு வலிக்கும் மனிதர்!

அமலா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தில் ஒரு கோளாறும் இல்லை. கஷ்டமும் இல்லை, தங்கமும் இல்லை. சம்பளம் கொடுப்பவனுக்குச் சிரிப்பு, சம்பளம் வாங்குகிறவளுக்குச் சிடுசிடுப்பு, அவ்வளவுதான். சிடுசிடுத்தால் யாரும் வேலை சொல்ல மாட்டார்கள் என்பதும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. 'இதுக்கா அழுதேன்?' என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அடுத்த வாரம் தெள்ளாரிலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் வந்தது. பெண்ணுக்கு அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை வேண்டுமாம்.

"அதெல்லாம் இல்ல," என்றார் மணவாளன், தலையைக்கூடத் திருப்பாமல்.

"மேல் அடுக்குல இருக்குதுங்க," என்றாள் அமலா, சிரித்தபடியே பெண்ணின் அம்மாவைப் பார்த்து. "அண்ணன் ஜல்தியா எடுத்துக் குடுத்துடுவாரு. இந்தக் கடையிலயே அவரு கைராசிக்காரருங்க. இல்லண்ணா?"

குடும்பமே ஆவலோடு அவரைப் பார்த்தது. மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மூன்று முறை ஏறி இறங்கினார். பெண்ணுக்கு மூன்றாவது புடவை பிடித்துப்போயிற்று.

அவர்கள் போனதும் பாய்ந்து வந்தார். "இன்னா, என்கிட்டயே இளிச்சிகினு நக்கலா? பெரிய பேஜாரா பூட்சே உன்னோட."

"உங்களுக்காக நான் சிரிக்கலண்ணா. நாள் முழுக்க என் மூஞ்சியைச் சுமந்துகினு நிக்கறது நான். அதை ஏன் நான் கெடுத்துக்கணும்?"

அன்று சாயங்காலமே முதலாளி அவளைக் கூப்பிட்டார். மேசையருகே மணவாளன் குழைந்து நின்றிருந்தார்.

"மரியாதை இல்லன்றாரே. இன்னாம்மா பண்ண?"

"அவரையே கேளுங்க சார்."

முதலாளி திரும்பினார். "இன்னா பண்ணிச்சு, சொல்லுய்யா."

மணவாளன் தலையைச் சொறிந்தார். அவள் திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஏணியில் ஏற வைத்தாள் என்று சொன்னால் ஏறுவது யார் வேலை என்று கேள்வி வரும். கடைசியில் முனகினார். "எப்பப் பாத்தாலும்... சிரிச்சிகினே இருக்குது முதலாளி."

 முதலாளி நாற்காலி ஆட வாய்விட்டுச் சிரித்தார். "யோவ், துணிக்கடையில சிரிக்காம அழுவுறதா?"

அதற்கு மணவாளனும் சிரித்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தும், முதலாளி சிரித்ததால் கூடவே சிரித்தார், அவரைவிடச் சத்தமாக.

அமலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு சின்னதாக இருக்க முடியுமா என்றுதான் தோன்றியது.

மணவாளன் திருந்தவில்லை. அமலாவிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவள் அந்தக் கடையில் நிம்மதியாக வேலை பார்த்தது அதற்கப்புறம்தான்.