அரைச் சாண் உயர்ந்த வண்டி

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து கிடைத்தது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பழைய நான்கு சக்கர இயக்க வண்டி நிற்கிறது. கரடுமுரடான பாதைகளுக்கென்றே மாற்றி அமைத்தது. முன்னால் இழுவைக் கம்பி, கூரைவரை உயர்ந்த காற்றுக்குழாய், பின்னால் உதிரிச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிய குளியலறை முக்காலி. ஏன் என்று போய்க் கேட்டிருந்தால் உடனே பதில் கிடைத்திருக்கும். கேட்டால் கதை போய்விடுமே என்று வீட்டுக்குள் வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "மேகங்கள் மலையைத் தழுவிக்கொண்டிருந்த வேளையில், அந்த இரும்புக் குதிரை..."

வேண்டாம். குதிரைக்கு யாரும் பிரேக் ஆயில் மாற்றுவதில்லை.

இரண்டாவது: "மருந்துக்கடைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் மனைவிக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. சில வருடங்களாகவே அப்படித்தான்."

இது இருக்கட்டும்.

2.

மனைவியைப் பல் மருத்துவர் ஆக்கினேன். [முதலில் ஆசிரியை என்றுதான் எழுதினேன். கதைகளில் ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடம் நடத்தும் அளவுக்கு ஆசிரியைகள் இருக்கிறார்கள்.] மலைமேல் ஓர் ஏரி இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரே அவர்தான். பாதை முழுக்கக் கல். அதற்காகத்தான் கணவர் இந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஏரியை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். பொறுமையாகக் கேளுங்கள். கல்லில் வயிறு தட்டாமல் போக வண்டியை உயர்த்த வேண்டும். நீளமான ஸ்பிரிங் போட்டால் உடல் உயரும். ஆனால் சக்கரங்களை இணைக்கும் அச்சு இருந்த இடத்தை விட்டு அசையாது. அச்சு உயரப் பெரிய டயர் ஒன்றுதான் வழி. அதிலும் டயரின் குறுக்களவு கூடுவதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். உடல் உயர்ந்ததும் பிரேக் குழாய் எட்டாது, நீளமானது தேட வேண்டும். டயர் பெருத்ததும் வேகமுள் குறைத்துக் காட்டும், அதையும் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. (கதையும் அப்படித்தான். ஆசிரியையைப் பல் மருத்துவராக்கிய பாவத்துக்கு எல்லா வசனங்களையும் மாற்றினேன்.)

எல்லாம் முடிந்தபோது வண்டி அரைச் சாண் உயர்ந்திருந்தது. பல் மருத்துவரின் முழங்கால் பழைய உயரத்திலேயே இருந்தது.

"ஏங்க, இதுல நான் எப்படி ஏறுறது?"

"வா, நான் தூக்கி விடறேன்."

"நான் என்ன அரிசி மூட்டையா? என் கிளினிக் நாற்காலியாவது மிதிச்சா கீழ இறங்கும்."

"ஏறுபடி வச்சா கல்லுல இடிக்கும்மா. ஒசத்தினதே வீணாயிடும்."

"என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போகத்தானே ஒசத்தினீங்க?"

அவர் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். நானும் பதில் எழுதித் தரவில்லை.

"சனிக்கிழமை அக்கா வாடகை ஜீப்புல ஏரிக்குப் போறா. அதுக்குள்ள நானா ஏறி இறங்க வழி பண்ணுங்க. இல்லேன்னா நான் அவகூடப் போறேன்."

"அந்த ஜீப்பா? அதோட டயரெல்லாம் வழுக்கைம்மா!"

"வழுக்கையோட நான் குடும்பமே நடத்தலையா?"

3.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதைக்கு வசதியாக அந்த அம்மாவுக்கு முட்டிவலி கொடுத்துவிட்டேனோ? என் பைக்கைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன்.

"வலியெல்லாம் தேவையே இல்லண்ணே. அந்த ஒசரத்துக்கு ஒட்டகமே ரெண்டு தடவை யோசிக்கும்."

முட்டிவலியை அடித்துவிட்டேன்.

"கயித்துல படி கட்டினா? கல்லு பட்டா மடங்கிக்குமே?"

"மடங்கும். மிதிச்சா வண்டிக்கு அடியில ஓடும். காலும் கூடவே ஓடும். ஆளு மட்டும் வெளியில மல்லாந்து கெடப்பாங்க."

"சரி, வீட்டு வாசல்லயே முக்காலி போட்டு ஏத்திட்டா?"

"வழியில யாருண்ணே இறங்கிப் பாக்குறது?"

நியாயமான கேள்வி. கல் பாதையில் ஓட்டுபவருக்குத் தன் சக்கரத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்னொருவர் இறங்கி, எதிரே நின்று, கைகாட்டி வழி சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெரிய கல்லுக்கும் இறங்கி ஏற வேண்டும். ஆக, இந்த வண்டி மலையேற இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளால் இந்த வண்டியில் ஏற முடியாது.

4.

முடிவு அ: பழைய ஸ்பிரிங்கையும் டயரையும் மாட்டி வண்டியை இறக்குகிறார். எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் அச்சு கல்லில் மோதி எண்ணெய் ஒழுகியது.

முடிவு ஆ: மனைவி அக்காவோடு போகிறார், கணவர் வண்டிக்கு அடியில்... உண்மைபோல இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. பல் மருத்துவர்தான் பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஓட்டுறவங்க எத்தனை தடவை இறங்கணும்?"

"ஓட்டுறவன் எதுக்கு இறங்கணும்? ஒருதடவை ஏறினா மேல போய்த்தான் இறக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் கணவருக்கு உறைத்தது.

"அப்ப முக்காலி போதும். சாவியக் குடுங்க."

"கிளட்ச் கொஞ்சம் முரடும்மா. கல்லு மேல மெல்ல..."

"கடவாய்ப் பல்ல உடையாம எடுக்குற கை இது. மெல்லன்னா என்னன்னு எனக்கே சொல்லித் தரீங்களா?"

சாவியைக் கொடுத்தார்.*

* ஒரே சொற்றொடரில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் திறந்தன, சுண்டுவிரல் கடைசியாக.

5.

சனிக்கிழமை. பாதி மலை. நடுவில் ஒரு பெரிய கல். கணவர் இறங்கி எதிரே நிற்கிறார். தன் வண்டி தன்னை நோக்கி வருவதை முதன்முறையாகப் பார்க்கிறார். எழுத எனக்கே பெருமையாக இருக்கிறது.

"வலது! வலது!"

"எந்த வலது? உங்களதா, என்னதா?"

எதிரெதிரே நிற்பவர்களுக்கு வலது இரண்டு. இத்தனை வருடம் வண்டியின் ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டியவர் இதைப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. இப்போது தன் கைகளை மாறி மாறிப் பார்க்கிறார். பின்னால் வாடகை ஜீப் வந்து நின்றுவிட்டது. அக்கா தலையை நீட்டி, "என்னடி, ஏறுமா ஏறாதா?" என்கிறார்.

"கொஞ்சம் இரு, அக்கா! இவர் கையைத் தேடிட்டிருக்கார்!"

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வலம், இடம் சொல்வது எனக்குச் சுலபம், அந்த அம்மாவுக்கு ஆபத்து. நீங்கள் எதிரே நிற்கிறீர்கள், கல்லும் சக்கரமும் உங்களுக்குத் தெரிகின்றன. வாயால் சொல்லாதீர்கள், கையைக் காட்டுங்கள். சீக்கிரம். கிளட்ச் தேய்கிறது.