நூற்று நான்கு பட்டன்கள்

அந்த வீட்டு மாமனார் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. வேலையில் இருந்த காலத்திலேயே அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்றுதான் பட்டப்பெயர். முப்பத்திரண்டு வருஷம் தலைமை எழுத்தர். அவர் மேசைக்குப் போன கோப்பு கிணற்றில் போட்ட கல்தான். ஆனாலும் கொடுத்துவிட்டுப் போனவர் யாரும் முகம் சுளித்ததில்லை. அவ்வளவு பதமாகப் பேசுவார்.

மருமகளுக்கு இதெல்லாம் காதில் விழுந்த கதை. புருஷன் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தான். வருஷத்தில் எட்டு மாதம் கடல். மாமியார் அவள் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் மாமனாரும் அவளும்தான். ஒருநாளும் அவர் அவளை அதட்டியதில்லை. அவள் செருப்பை மாட்டினால் அவரும் சட்டையை மாட்டுவார். தனியாக எதற்கு, துணைக்கு வருகிறேன் என்பார். காய் வாங்கவும் துணை, பல் டாக்டரிடமும் துணை. மழை இல்லாத நாளிலும் கையில் குடை. தங்கமான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளும் இல்லை என்று சொல்லமாட்டாள். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். விரல்கள் சும்மா இருந்து மூன்று வருஷம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பதாகப் பழைய தோழி போன் செய்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு எழுதலாம். அடுத்த வியாழன், காலை பதினோரு மணி. வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடியது. கீபோர்டுதான் பாதி செத்திருந்தது. அதன் வட்டச் செருகி புதுக் கீபோர்டுகளில் வருவதில்லையாம். ரிப்பேர்காரர் கடையின் குவியலுக்கு அடியிலிருந்து பழசு ஒன்றை உருவிக் கொடுத்தார். குடையும் கீபோர்டுமாக மாமனார்தான் தூக்கிவந்தார்.

செய்தித்தாளை விரித்து அதைக் கவிழ்த்துத் தட்டினாள். ரொட்டித் துகள், தலைமுடி, நகத் துணுக்கு, காய்ந்த எறும்பு, வளைந்த குண்டூசி. நீளப் பட்டனுக்கு அடியில் இனிப்பாக எதுவோ கொட்டிக் கோந்தாக இறுகியிருந்தது. யார் எவரென்று தெரியாத ஒருவர் வருஷக்கணக்கில் இதன்முன் உட்கார்ந்து தின்றிருக்கிறார், தலையைச் சொறிந்திருக்கிறார். ஆனாலும் புடவையைச் செருகிக்கொண்டு உற்சாகமாகத்தான் உட்கார்ந்தாள். ஒரு மணி நேர வேலை.

"குடும்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் மாமனார்.

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் கீபோர்டு அவர் மேசைக்குப் போய்விட்டது.

முதல்நாள் முழுக்க அவர் கோடு போட்ட தாளில் படம் வரைந்தார், எந்தப் பட்டன் எங்கே என்று. இரண்டாம் நாள் ஸ்பூன் காம்பால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். மொத்தம் நூற்று நான்கு. மூன்றாம் நாள் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். நான்காம் நாள் பல்குச்சியும் பஞ்சும். ஐந்தாம் நாள் வெயில் போதவில்லை என்றார். அவள் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடித்துப் பழக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். அரைகுறையாக மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும், பதறின காரியம் சிதறும் என்றார். பெரியவர் கையிலிருந்து பிடுங்கவா முடியும்? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் புருஷனிடம் போனில் முறையிட்டாள். அப்பா ஆசையாகச் செய்கிறார், விட்டுப்பிடி என்று அவன் சிரித்தான். பின்னால் எஞ்சின் இரைந்தது. நடுக்கடலில் இருப்பவனுக்குச் சிரிப்பதில் என்ன கஷ்டம்.

புதன்கிழமை மத்தியானம் காப்பியை எடுத்துக்கொண்டு அவர் அறைப்பக்கம் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். துண்டின் மேல் நூற்று நான்கு பட்டன்களும் அரிசிபோல் வெளுத்துக் கிடந்தன. அவர் அதில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கில்லை. திரும்பவும் சோப்புத் தண்ணீரில் போட்டு, பிரஷால் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுஷர் தன்னை ஒருபோதும் கட்டிப்போட மாட்டார், இப்படியே ஆயுசுக்கும் தேய்த்துக்கொண்டிருப்பார் என்று புரிந்தது. காப்பியைச் சத்தம் கேட்கும்படி வைத்துவிட்டு வந்தாள்.

வியாழன் பத்தே முக்காலுக்குப் பட்டன்கள் இன்னும் துண்டில்தான் கிடந்தன. ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டுப்பாரேன், பாத்துக்கலாம் என்றார். அவள் மேசையிலிருந்து மொட்டைக் கீபோர்டைத் தூக்கினாள். பட்டன் இருந்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் முளைகள். அப்படியே கொண்டுபோய்ச் செருகினாள். கீபோர்டின் மூலையில் விளக்கு எரிந்தது.

அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"எழுத்தே இல்லையேம்மா, எப்படி அடிப்பே?"

"எழுத்தப் பாத்து அடிக்கறதில்ல மாமா."

காதில் மாட்டிய ஹெட்போனில் யாரோ வேகமாகப் பேச, விரல்கள் தாமாக ஓடின. முதல் கால் மணி தடுமாறியது. பிறகு பழைய வேகம் வந்தது. முளைகள் குத்திக்குத்தி விரல்நுனி கன்றிப்போனது. நீளப் பட்டன் இல்லாத இடத்தில் கட்டைவிரல் தோல் உரிந்தது. அவர் ஒரு மணி நேரமும் நகரவில்லை. அவரது மூச்சு அவள் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை தகவல் வந்தது: எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தும் செய்யலாம், அலுவலகத்துக்கும் வரலாம், அவள் விருப்பம் என்றார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாமனார் தான் வரைந்த படத்தைப் பார்த்துப் பட்டன்களை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக முடியாத வேலை அரை மணியில் முடிந்தது. பழைய வேட்டியைக் கிழித்து அதற்கு ஓர் உறையும் தைத்திருந்தார்.

"இனிமே வீட்லயே உக்காந்து செய்யலாம். புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாரு."

அவள் அந்த உறையையே பார்த்தாள். தையல் நேராக, நெருக்கமாக இருந்தது. சரி மாமா என்று சொல்ல வாய் பழகிப்போயிருந்தது.

"ஆபீசுக்குத்தான் வரச் சொல்றாங்க மாமா."

அவரிடம் அவள் சொன்ன முதல் பொய். அவர் தலையை ஆட்டினார். எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மட்டும் கேட்டார். ஆறு என்றாள். ஆறா என்றார்.

திங்கட்கிழமை அவள் செருப்பை மாட்டியபோது அவர் சட்டையை எடுக்கவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்தாள். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. நடையே ஏதோ மாதிரி இருந்தது. முனை திரும்புவதற்குள் போன் அடித்தது.

"உப்பு டப்பா எங்கம்மா இருக்கு?"

உப்பு அவர் கைக்கெட்டும் அலமாரியில், கண்ணெதிரே இருந்தது. அது அவருக்கும் தெரியும். அவள் ஒரு கணம் நின்றாள்.

"அடுப்புக்கு மேல் தட்டுல மாமா," என்றாள். போனைக் காதில் வைத்தபடியே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மறுமுனையில் அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.