மூன்றாவது ரூட்

ஆற்றோரத்து அந்த ஊரில் வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும், "ரூட்டுக்காரர் கடைக்குப் போங்க" என்பார்கள். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ரூட்டுக்காரர் சும்மா சைக்கிளைத் தள்ளிவிட்டு வாடகை வாங்குகிற ஆள் இல்லை. சீட்டின் உயரத்தைச் சரிசெய்வார், டயரை அமுக்கிப் பார்ப்பார், பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். பேசி முடிக்கிறவரை பிடியை விடமாட்டார்.

அவரிடம் மூன்று ரூட்டுகள் இருந்தன. முதலாவது ஆற்றங்கரைச் சாலை. மேடு பள்ளம் இல்லாமல், மர நிழலிலேயே படகுத்துறைவரை போய்த் திரும்பலாம். இரண்டாவது, பழைய பாலத்தைத் தாண்டி அக்கரை வயல்களைச் சுற்றிக்கொண்டு புதுப் பாலம் வழியாக வருவது. இந்த இரண்டையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிக் காட்டுவார். எந்த மரத்தடியில் தார் பெயர்ந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எது கணுக்காலைக் குறிவைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மூன்றாவதுதான் மலை ரூட். ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றில், உச்சியிலுள்ள தண்ணீர்த் தொட்டிவரை வளைந்து வளைந்து ஏறும் சாலை. அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

"மேலே போய்ப் பாருங்க சார். ஆறு மூணு வளைவா வளைஞ்சு போறது தெரியும். சாயங்காலம்னா சூரியன் அப்படியே ஆத்துக்குள்ள இறங்கும். பார்த்தவங்களுக்குக் கீழே வர மனசே வராது."

கேட்டவர்களுக்கு உடனே கிளம்பத் தோன்றும். ஒரே ஒரு சிக்கல்தான். ரூட்டுக்காரர் அந்த உச்சியைப் பார்த்ததே இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. பாதித் தூரத்தில் ஒரு வாய்க்கால் பாலம் வரும். அதற்கப்புறம் சாலை செங்குத்தாக நிமிர்ந்துவிடும். அங்கே போனதும் அவருக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வந்துவிடும். ஒரு தடவை மழை வரும்போல இருந்தது. இன்னொரு தடவை கடையைப் பூட்டினோமா என்று சந்தேகம். காரில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். ஆனால் சைக்கிள் கடைக்காரர் மலை ரூட்டைக் காரில் பார்த்தார் என்று ஊர் பேசினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆகவே, மேலே போய் வந்த வாடிக்கையாளர்கள் சொன்னதில் கொஞ்சம், தன் சொந்தக் கற்பனையில் கொஞ்சம் என்று சேர்த்து ஒரு காட்சியைத் தைத்து வைத்திருந்தார். ஆறு ஊருக்குக் கிழக்கே ஓடுகிறது, அதற்குள் சூரியன் எப்படி அஸ்தமிக்கும் என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். ஆனால் அளந்து விடுகிற வேகத்தில் திசையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது! போய் வந்தவர்களும் மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்த மாட்டாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

கடையில் பச்சை சைக்கிள் ஒன்று இருந்தது. பழையது, வாடகைக்கு யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அதன் பிரேக் கட்டைகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தேய்ந்து நிற்கும். "ஓரமா நிக்கிற சைக்கிளுக்கு எப்படித்தான் தேயுதோ!" என்று அவர் புலம்பிக்கொண்டே மாற்றுவார். "மாத்துங்க, மாத்துங்க. நல்லா இறுக்கி மாத்துங்க" என்பாள் மனைவி.

வண்டி இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். மகளுக்குக் கல்யாணமானதில்தான் வந்தது வினை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு தபால் நிலையத்தின் தலைமை அதிகாரி. தினமும் காலையில் சைக்கிள் மிதிக்கிறவர். மகள் புகுந்த வீட்டில் அப்பாவின் பெருமையைக் கொஞ்சமாகவா பேசியிருப்பாள்? "எங்கப்பா அந்த மலையைத் தூங்கிக்கிட்டே ஏறுவார்" என்று சொல்லி வைத்திருந்தாள். சம்பந்தியம்மாவுக்கு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. சொந்த சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்.

"முதல் ரூட்டுக்கே போகலாமே" என்று ரூட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "ஆத்தங்கரை, நல்ல காத்து..."

"அதெல்லாம் யார் வேணா போவாங்க" என்றாள் மனைவி, பழத்தை நறுக்கிக்கொண்டே. "சம்பந்தியம்மா இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நாளைக்கு மலைக்கே கூட்டிட்டுப் போங்க."

ரூட்டுக்காரர் இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தன் மானம் போனால் போகட்டும், ஊருக்குப் பழகிவிடும். ஆனால் மகள்? புகுந்த வீட்டில் அவள் அப்பாவின் பேச்சை எடுத்தாலே எல்லோரும் சிரிப்பார்கள் அல்லவா? அதை நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

காலையில் முதல் வேலையாகப் பூனைபோலக் கடைக்குள் போய்த் தன் சைக்கிளின் பின்சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார். டீ குடித்துவிட்டு, முகத்தில் சோகத்தைப் பூசிக்கொண்டு வந்து பார்த்தால் டயர் கல் மாதிரி நின்றது.

"காத்து இறங்கியிருந்துதுங்க. நான் அடிச்சுட்டேன்" என்றாள் மனைவி. "நல்லவேளை, சைக்கிள் கடையில இருக்கோம்."

வேறு வழியில்லாமல் கிளம்பினார்கள். ஆற்றங்கரை வழியாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகலாம் என்றார் ரூட்டுக்காரர். அங்கே அவர் ராஜா. பனி விலகாத தண்ணீர், வலை காயவைக்கிற படகுக்காரர்கள், இலைகளுக்கு நடுவே சாலையில் சிந்திக் கிடந்த வெயில் என்று ஒன்று விடாமல் காட்டினார். சம்பந்தியம்மா குழந்தைபோல மணியை அடித்துக்கொண்டே வந்தார். ரூட்டுக்காரருக்குக் கவலைகூட மறந்துவிட்டது. படகுத்துறையில் நிறுத்தி, படகின் வகைகளைப் பற்றி விளக்கத் தொடங்கினார். பிறகு தூண்களைப் பற்றி. பிறகு கயிறுகளைப் பற்றி.

"சம்பந்தி" என்றார் அந்த அம்மாள், "மலை எப்போ?"

அதற்குமேல் கயிறு திரிக்க முடியவில்லை. சைக்கிள்கள் மேற்கே திரும்பின. சாலை ஏறத் தொடங்கியது. வாய்க்கால் பாலம் வந்தது. ரூட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை. கடையைப் பூட்ட வேண்டியதும் இல்லை, மனைவி இருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். அடுத்த வளைவில் தொடை நடுங்கியது. அதற்கடுத்த வளைவில் நாக்கு வெளியே தள்ளியது. பின்னால் வருகிறவரின் சத்தமே கேட்கவில்லை. எவ்வளவு அலட்டாமல் மிதிக்கிறார் என்று நினைத்து அழுகையே வந்தது. கடைசியில் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது.

அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிட்டது. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சம்பந்தியம்மா, மன்னிச்சுக்கங்க. எனக்கு இதுக்குமேல முடியாது. நான் இந்த மலையை ஒரு தடவைகூட முழுசா ஏறினதில்லை."

பதில் இல்லை. திரும்பினார். ஒரு வளைவு கீழே, சம்பந்தியம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்.

"என்ன சொன்னீங்க? காதுல விழலை" என்றார், பக்கத்தில் வந்து ஒரு கல்லில் பொத்தென்று உட்கார்ந்து. "சம்பந்தி, நீங்க இறங்க மாட்டீங்களான்னு வளைவுக்கு வளைவு வேண்டிக்கிட்டே வந்தேன். எங்க ஊர்ல மருந்துக்குக்கூட மேடு கிடையாது. உங்க பொண்ணு உங்களைப் பத்திச் சொன்னதைக் கேட்டு, மானம் போயிடக்கூடாதுன்னு மொட்டை மாடிப் படியில ஏறி ஏறிப் பழகினேன்!"

ரூட்டுக்காரர் தான் சொன்னதை இன்னொரு முறை சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், இரைத்துக்கொண்டிருந்த மூச்சும் நின்றுவிடும்போல ஆயிற்று.

"உருட்டிட்டே போவோமா?" என்றார் சம்பந்தியம்மா. "உருட்டினாலும் சைக்கிள் சைக்கிள்தானே."

உருட்டினார்கள். வழியெல்லாம் மகளைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேச்சு. தண்ணீர்த் தொட்டி வந்ததே தெரியவில்லை.

மேலே நின்று ரூட்டுக்காரர் முதன்முதலாகத் தன் ஊரைப் பார்த்தார். ஆறு இருந்தது. ஆனால் ஒரே ஒரு வளைவுதான். சூரியன் அதற்குள் இறங்கவில்லை. அதற்கு மேலே எழுந்து கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்தது. மூன்று வளைவுக் கதையை மருமகளிடம் கேட்டிருந்த சம்பந்தியம்மா அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். ரூட்டுக்காரர் கவனிக்கவில்லை. அவர் கண் வேறெங்கோ நின்றுவிட்டது. பழைய பாலம், அதிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவின் கோடியில் தகரக் கூரை. அவருடைய கடை. அதன் பின்னால் அவர் வீட்டு மொட்டை மாடி, கையால் தொட்டுவிடலாம்போலப் பளிச்சென்று. மாடியில் ஒரு மஞ்சள் போர்வை இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில் ஆடவில்லை. யாரோ வேண்டுமென்றே ஆட்டினார்கள்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஏறியாச்சா?" என்றாள் மனைவி. "நான் தெரியறேனா?"

"தெரியறே. ஆனா இங்கேருந்து நம்ம மாடி தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பச்சை சைக்கிள்ல பிரேக் கட்டை ஏன் தேயுதுன்னு பதினஞ்சு வருஷமா கேட்டுட்டிருந்தீங்களே. அந்த இறக்கத்துல பிடிக்காம வந்தா வாய்க்கால்லதான் விழணும்."

செவ்வாய்க்கிழமைகளில் அவர் உதிரிபாகம் வாங்க நகரத்துக்குப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஒவ்வொரு செவ்வாயும் கடைக்குப் பகலில் பூட்டு என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

"நீ... மிதிச்சே ஏறிடுவியா?"

"முதல்ல ரெண்டு மாசம் உருட்டினேன். அப்புறம் மிதிச்சுத்தான்."

"அப்போ மூணு வளைவுன்னு நான் சொன்னதெல்லாம் புருடான்னு தெரிஞ்சும் சும்மாவா உட்கார்ந்திருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

போர்வை ஆடுவது நின்றது. கீழே மாடியில் ஒரு சின்னப் புள்ளி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டது.

"நீங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பார்க்கணும்னு ஆசையே வந்துது. வந்து பார்த்தா, நீங்க சொன்னது எதுவும் இல்லே. நம்ம வீடு இருந்துது. அவ்வளவு உசரத்திலேருந்து அதைப் பார்த்தப்போ என்னமோ ரொம்பச் சந்தோஷமா இருந்துதுங்க. உங்ககிட்ட உண்மையைச் சொன்னா நீங்க அந்தப் பேச்சையே விட்டுடுவீங்க. எனக்கு அதைக் கேட்கணும். ஆனா உங்களையும் எப்படியாவது ஒருநாள் மேலே ஏத்திடணும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

ரூட்டுக்காரருக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றினார். சம்பந்தியம்மாவும் தன் பங்குக்கு ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார். கீழே மஞ்சள் போர்வை மறுபடி பறந்தது.

மறுநாள் சம்பந்தியம்மா ஊருக்குக் கிளம்பினார். "எங்கப்பா மலையை எப்படி ஏறினார்னு உங்க மருமக கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று ரூட்டுக்காரர் இழுத்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா ஏறினோம்னு சொல்லுவேன். அதுல பொய் இல்லையே" என்றார் அந்த அம்மாள்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்தபோது கடை வாசலில் ஓர் இளம் தம்பதி காத்திருந்தார்கள். ரூட்டுக்காரர் சீட்டைச் சரிசெய்தார், டயரை அமுக்கினார், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவதுதான் மலை ரூட். முடியலைன்னா இறங்கி உருட்டுங்க, தப்பில்லை. மேலே போனா ஆறு ஒரு வளைவு வளையறது தெரியும். ஒண்ணே ஒண்ணுதான். ஆனா கொஞ்சம் இந்தப் பக்கம் பார்த்தீங்கன்னா எங்க மாடி தெரியும். கையை ஆட்டுங்க, என் சம்சாரம் போர்வையை ஆட்டும்."

"நாளைக்குப் போகலாம்னு இருக்கோம்" என்றான் இளைஞன்.

கல்லாவிலிருந்து முதன்முறையாகத் தலை நிமிர்ந்தது.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றாள் மனைவி. "மாடியில யாரும் இருக்க மாட்டோம். மேலேயே வந்து பாருங்க."